பூஞ்சேரியில் தடுமாறிய நடை

தாளத்துக்கு நடை உண்டு. சதுரங்கத்துக்கும் உண்டு, அதுவும் இரண்டு. ஒன்று பலகையில்: எதிராளியின் காயைத் தாக்கியபடி நம் காயை நல்ல கட்டத்துக்குக் கொண்டுபோனால், அவர் ஒதுங்கும் நேரத்தில் நாம் ஒரு நகர்த்தல் முந்திவிடுகிறோம். ஆட்டக்காரர்கள் இதை டெம்போ என்பார்கள். மற்றொன்று கடிகாரத்தில். 2022-இல் மாமல்லபுரம் பூஞ்சேரியில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாடில் இந்தியாவின் இளம் ஆட்டக்காரர் குகேஷைக் கவிழ்த்தது இந்த இரண்டாவது நடைதான்.

அங்கே ஒவ்வொருவருக்கும் முதல் 40 நகர்த்தல்களுக்கு 90 நிமிடம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 வினாடி கூடுதல். கூட்டிக் கழித்தால் நகர்த்தலுக்குச் சராசரி 2 நிமிடம் 45 வினாடி. அதன் பிறகு 30 நிமிடம் சேரும். அதுவும் கரைந்தால் நகர்த்தலுக்கு 30 வினாடிதான் மிச்சம்.

தரவரிசையில் 11-வதாக இறங்கிய இந்தியா 'பி' அணியின் முதல் பலகையில் 16 வயது குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்றார். எட்டாவது சுற்றில் வீழ்ந்தவர் அமெரிக்காவின் ஃபேபியானோ கருவானா. ஒன்பதாவது ஆட்டம் டிரா. ஆகஸ்ட் 8 அன்று பத்தாவது சுற்றில் எதிரே உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவ். முந்தைய ஆண்டின் உலக ரேபிட் சாம்பியன். விரைவு ஆட்டத்தின் நடை அவருக்குக் கைவந்த ஒன்று.

மூன்றாம் பலகையில் சக அணி வீரர் பிரக்ஞானந்தா சிந்தாரோவை வென்றுவிட்டார். குகேஷ் டிரா செய்தாலே சுற்று இந்தியாவுக்கு. அவரோ வெல்லும் நிலையிலேயே இருந்தார். நேரம் வற்றியபோது தவறு நேர்ந்தது. ஆட்டம் கைநழுவி, சுற்று 2-2 என முடிந்தது. உஸ்பெகிஸ்தான் தங்கம், அர்மீனியா வெள்ளி, நம் பிள்ளைகள் வெண்கலம். வெற்றியைத் துரத்தியது பிழை என்று சொன்னவர்கள் உண்டு. நான் ஏற்கவில்லை. அந்தத் துணிவுதான் அவருக்கு 11 ஆட்டங்களில் 9 புள்ளிகளையும் முதல் பலகைத் தங்கத்தையும் தந்தது. குறை, அதற்கு முன்பே செலவழித்துவிட்ட நிமிடங்களில் இருந்தது.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்தைத் தீர்மானித்த 14-வது ஆட்டத்தில் எதிராளி டிங் லிரன் தவறியபோது, கடிகாரத்தில் கூடுதல் நேரம் குகேஷ் பக்கம் இருந்தது. அவரது வளர்ச்சியில் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதிப் பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்குத் திறப்பாட்டங்களை மனப்பாடம் செய்விப்பதோடு நிறுத்தாதீர்கள். ஐந்து நிமிட பிளிட்ஸைக் குறைத்து, வாரம் ஒரு நெடிய ஆட்டமாவது கடிகாரம் வைத்து ஆடவிடுங்கள். குறிப்புத்தாளில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில், மீதமிருக்கும் நிமிடத்தையும் எழுதப் பழக்குங்கள்.