அங்கவடியும் மாட்டு வண்டியும்: பிராங்கியர் படைபற்றிய ஒரு நோக்கு

1962 இல் வெளிவந்த லின் வைற்றின் ‘மத்தியகாலத் தொழினுட்பமும் சமூக மாற்றமும்’ என்னும் நூல் நிலமானிய முறைமையின் தோற்றத்தை அங்கவடியிலே காண்கிறது. அங்கவடி வந்தமையால் குதிரைவீரன் ஈட்டியைக் கக்கத்தில் இடுக்கி மோதக்கூடியவனானான், அத்தகைய வீரரைப் பேணுதற்குச் சாள்ஸ் மார்ட்டெல் திருச்சபை நிலங்களைக் கைப்பற்றிப் பகிர்ந்தளித்தான், நிலமானியம் பிறந்தது. இவ்வாதத்தின் கவர்ச்சியை நாம் மறுக்கவில்லை. அதன் கவர்ச்சியே நம்மை ஐயுறச் செய்கின்றது.

மறுவருடமே றொட்னி ஹில்ற்றனும் பீற்றர் சோயரும் இதனைத் தொழினுட்ப நியதிவாதம் எனச் சாடினர். 1970 இல் பேர்னாட் பக்ராக், மார்ட்டெலின் போர்களில் முற்றுகைகளே முதன்மை பெற்றன என வாதித்தார். எனினும், மோதற் கணத்திலேயே கண்பதித்து நிற்போர், படை அக்களத்தை எவ்வாறு சென்றடைந்தது என்ற வினாவை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

சார்லமேன் 806 ஆம் ஆண்டளவில் மடத்தலைவர் புல்றாட்டுக்கு விடுத்த அழைப்பாணையை நோக்குவோம். வில், வாள், ஈட்டியோடு அது நின்றுவிடவில்லை. கோடரி, மண்வெட்டி ஏற்றிய வண்டிகள் வரல் வேண்டும். மூன்று மாத உணவும் அரையாண்டுக்கான உடையும் உடன் வரல் வேண்டும். வழியிலே புல், விறகு, நீர் தவிர வேறெதனையும் தொடலாகாது. அரச பண்ணைகள் பற்றிய கட்டளையோ, ஆற்றைக் கடக்கும்போது மா நனையாதவாறு வண்டிகளைத் தோலால் மூடித் தைக்கவேண்டும் என்கிறது. குதிரை எத்துணை விரைவாயினும், நெடும்பயணத்திற் படையின் வேகம் வண்டியின் வேகமே. (793 இல் றெசாற், அல்ற்ம்யூல் ஆறுகளை இணைக்கக் கால்வாய் தோண்ட முற்பட்டமையும் இந்நெருக்கடியை ஓரளவு உணர்த்தும். அம்முயற்சி மழையாலும் சேற்றாலும் கைகூடவில்லை.)

இச்சுமையைத் தாங்கியவர் யாவர்? 808 ஆம் ஆண்டின் ஆணைப்படி நான்கு மான்சு நிலமுடைய சுதந்திரக் குடியானவன் தானே படைக்குச் செல்லவேண்டும். ஒரு மான்சு மட்டுமே உடையோர் நால்வராயின் மூவர் பொருளுதவ ஒருவன் செல்லவேண்டும். 811 இல் மன்னனிடம் எட்டிய முறைப்பாடுகள் இன்னும் வெளிப்படையானவை. தம் நிலத்தை ஆயருக்கோ மடத்தலைவருக்கோ கோமானுக்கோ கொடுக்க மறுத்த ஏழைகள், வறுமையுற்று அதனைக் கையளிக்கும்வரை மீண்டும் மீண்டும் போருக்கு அனுப்பப்பட்டனர். கொடுத்தவர்களோ வீட்டிலிருக்க விடப்பட்டனர். இங்கே நிலத்தைப் பறித்த கருவி அங்கவடியன்று; படைக்கு ஆளனுப்பும் அதிகாரம். அவ்வதிகாரத்தை ஏலவே கையில் வைத்திருந்தோர் நிலவுடைமையாளரே.