விடியற்காலை 7.8

மயிலாப்பூர் அடுக்ககம் ஒன்றின் படுக்கையறை. ஓரமாகக் கடல்நீர்த் தொட்டி, உள்ளே இரண்டு கோமாளி மீன்கள். இரவு பத்து மணிக்கு ஜன்னலைச் சாத்தி, ஏ.சி. போட்டு மூன்று பேர் படுக்கிறார்கள். தொட்டி விளக்கு அணையும்போது 8.2 காட்டிய பிஎச் மீட்டர், விடியற்காலை ஐந்து மணிக்கு 7.8 காட்டுகிறது. பதறிப்போய், பிஎச்-ஐ ஏற்றும் பாட்டில் ஒன்றை வாங்கி வந்து ஊற்றுகிறார் தொட்டிக்காரர். பதற்றத்தில் பாதி நியாயம் உண்டு. பாட்டிலில் அதுவும் இல்லை.

பகல் வெளிச்சத்தில் பாசி கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது. இரவில் பாசி, மீன், பாக்டீரியா எல்லாமே அதை வெளிவிடுகின்றன. நீரில் கரைந்த வாயு அமிலமாகிறது, பிஎச் இறங்குகிறது. இதுவரை எந்த ஊர்த் தொட்டிக்கும் பொது. சென்னையின் பங்கு ஏ.சி. அறையில் சேர்கிறது. ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே விடுவதில்லை. இருக்கிற காற்றையே சுற்றிவிடுகிறது. வெளியே பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு இருக்கும் கரியமில வாயு, ஆட்கள் உறங்கும் அடைத்த அறையில் 1,000-ஐத் தாண்டுவது சாதாரணம். எவ்வளவு குமிழிவிட்டாலும் தொட்டி அந்தக் காற்றோடுதான் சமனாகும். படுத்திருப்பவர்களின் மூச்சையும் சேர்த்துத்தான் மீட்டர் அளக்கிறது.

பயப்படுகிறவர்களின் வாதம் வலுவானது: பிஎச் மடக்கை அளவு, 0.3 இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் இருமடங்காகும். கணக்கு சரி. ஆனால் ஆழமற்ற பவளத்திட்டுகளில் கடலே அன்றாடம் இந்த அளவுக்கு ஏறி இறங்குகிறது. இறால் குளங்களில் விடியலிலும் பிற்பகலிலும் பிஎச் பார்ப்பார்கள். வித்தியாசம் அரைப் புள்ளிக்குள் இருந்தால் பண்ணைக்காரர் நிம்மதியாக இருப்பார். (உவர்நீர் மீன்வளர்ப்புக்கான மத்திய ஆராய்ச்சி நிறுவனமே சாந்தோம் நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. நாம் மனப்பாடம் செய்வதோ வெளிநாட்டுப் பவளத் தொட்டிக்காரர்களின் 8.2, 8.3 என்ற எண்ணை.) சுண்ணாம்பு எலும்பு கட்டும் கல் பவளங்களுக்கு அந்த இலக்கில் பொருள் உண்டு. அந்தப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதே குற்றம். மீன் மட்டும் வளரும் தொட்டியில் 7.8 நோயல்ல.

பிறகு பாதி நியாயம் எது? அதை ஒரு டம்ளர் சொல்லிவிடும். விடியற்காலையில் இரண்டு டம்ளர் தொட்டி நீர் எடுங்கள். ஒன்றை அறைக்குள்ளும் மற்றதைப் பால்கனியிலும் வைத்து, ஏர் பம்ப் குழாயை விட்டு ஒரு மணி நேரம் குமிழியிடுங்கள். பால்கனி டம்ளரில் மட்டும் பிஎச் ஏறினால் குற்றவாளி அறைக் காற்று; மீனுக்கு ஆபத்தில்லை. அறைக்குள் வைத்ததிலும் ஏறினால் தொட்டியே சரியாக மூச்சுவிடவில்லை, ஆக்சிஜனும் குறைந்திருக்கும். பயப்பட வேண்டியது இதற்குத்தான், அதிலும் நீர் 30 டிகிரியைத் தொடும் மே மாதத்தில். இரண்டிலும் ஏறாவிட்டால் காரத்தன்மை குறைவா என்று பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் கரையோர நீரின் உப்பு குறையும்; அந்நாளில் கடல்நீர் பிடித்து ஊற்றுபவர்களுக்கு இது நேரும்.

மருந்துகளுக்கு வருவோம். பாட்டில் கரைசலும் சமையல் சோடாவும் காரத்தன்மையை ஏற்றும். கரியமில வாயுவை வெளியேற்றாது. ஆகவே எண் மறுபடி இறங்கும், மறுபடி ஊற்றுவார்கள், ஒருநாள் கால்சியம் வெள்ளைப் பொடியாகப் படியும். பிஎச் கூடக்கூட நீரிலுள்ள அம்மோனியா நஞ்சாகும் பங்கும் கூடும் என்பதைப் பாட்டில் விற்பவர் சொல்வதில்லை. தெளிந்த சுண்ணாம்பு நீர் கரியமில வாயுவை உண்மையிலேயே பிடித்துக்கொள்ளும். வெற்றிலைக்குத் தடவும் அதே சரக்குதான், ஆனால் தொட்டிக்குச் சுத்தமானது வேண்டும். அதன் பிஎச் 12-க்கு மேல். இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஆவியாகும் நீருக்கு ஈடாகவே இதை விடுவது வழக்கம். மழைக்கால ஈரக்காற்றில் நீர் ஆவியாவது குறையும். ஜன்னல் அடைபட்டிருக்கும் அந்நாளில்தான் மருந்தின் அளவும் குறைகிறது. தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டியில் (சம்ப்) பாசி வளர்த்து இரவில் அதற்கு விளக்குப் போடுவது நல்ல வழி. இடமும் பொறுமையும் வேண்டும்.

என் தீர்ப்பு, ஸ்கிம்மரின் (நீரில் காற்றுக் குமிழிவிட்டுக் கழிவைப் பிரிக்கும் கருவி) காற்றுக் குழாயை ஜன்னல் வழியே வெளியே நீட்டுவதற்கே. செலவு சில மீட்டர் சிலிகான் குழாய். ஒரே குறை, மாநகராட்சியின் கொசு மருந்துப் புகை. அந்த வகை மருந்து மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. வண்டிச் சத்தம் கேட்டதும் குழாயை உள்ளே இழுத்துவிட வேண்டும். போகிப் புகைக்கும் அதேதான்.

ஸ்கிம்மர் ஓட மின்சாரம் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஸ்கிம்மர் நின்ற தொட்டியில் பிஎச்சும் ஆக்சிஜனும் சேர்ந்தே சரியும். பாட்டிலுக்கு எடுத்து வைத்த பணத்தில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கிவிடுங்கள்.