நடைத்தகுதிக்கு மதிப்பெண்: வரைபடம் சொல்வதும் சொல்லாததும்



மாணவர்களுக்குச் செயல்திட்டம் தேடும்போது, "உங்கள் வட்டாரம் நடப்பதற்கு எவ்வளவு ஏற்றது? இணைய வரைபடத்தைக் கொண்டு அளந்து காட்டுக" என்ற தலைப்பு எளிதில் கைக்கு வரும். கணிதம் இருக்கு, புவியியல் இருக்கு, கணினியும் இருக்கு. கடைசியில் தமிழில் ஓர் அறிக்கையும் எழுத வைக்கலாம். நல்ல தலைப்புதான். ஆனால் இந்த அளவுமுறையை அப்படியே வகுப்புக்குள் கொண்டுபோவதற்கு முன், அது உண்மையில் எதை அளக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அது பெரும்பாலும் அருகாமையை அளக்கிறது, நடையை அளப்பதில்லை.

இவ்வகை அளவைகளில் நன்கு அறியப்பட்டது 'வாக் ஸ்கோர்'. 2007-இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் தொடங்கியது. ஒரு முகவரியைக் கொடுத்தால் 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும். மளிகைக் கடை, பள்ளி, பூங்கா, உணவகம் போன்றவை ஐந்து நிமிட நடைக்குள், அதாவது ஏறக்குறைய 400 மீட்டருக்குள் இருந்தால் முழுப்புள்ளி. தூரம் கூடக்கூடப் புள்ளி குறையும். 30 நிமிட நடைக்கு அப்பால் ஒன்றுமில்லை. சாலைச் சந்திப்புகளின் நெருக்கத்தையும் மக்கள் அடர்த்தியையும் கணக்கில் சேர்க்கிறது. வீடு வாங்குபவர் அறைகளை மட்டும் எண்ணாமல், "கடைக்கு நடந்து போகலாமா?" என்றும் கேட்க வைத்ததே அதன் பெரிய தொண்டு. அதை மறுக்க முடியாது.

குறைக்கு வருவோம். வகுப்பில் நாம் செய்வது பெரும்பாலும் இதன் எளிய வடிவம்தான்: வரைபடத்தில் 400 மீட்டர் வட்டம் போடு, உள்ளே இருப்பதை எண்ணு. ஆனால் வட்டம் காகம் பறக்கும் வழி. மாணவன் சாலை வழியேதான் போக வேண்டும். சாலைகள் சதுரங்கக் கட்டம் போல நெருக்கமாக அமைந்திருந்தாலும், 400 மீட்டர் நடந்து எட்டக்கூடிய இடம் வட்டமாக வராது. வைர வடிவமாக வரும். வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 50 ஹெக்டர், வைரத்தின் பரப்பு 32 ஹெக்டர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போய்விட்டது! முட்டுச்சந்துகள் நிறைந்த, ஒரு பக்கம் நெடுஞ்சாலை அடைத்துக்கொண்ட நம் தாமான்களில் இன்னும் குறையும். வாக் ஸ்கோர்கூட முதலில் நேர்கோட்டுத் தூரத்தைத்தான் கணக்கிட்டது. பிறகுதான் நடைவழித் தூரத்துக்கு மாறியது.

கோலாலம்பூரில் நமக்குத் தெரிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2003-இல் மோனோரயில் ஓடத் தொடங்கியபோது, பிரிக்பீல்ட்ஸ் நிலையத்துக்கும் கே.எல். சென்ட்ரல் என்றே பெயர். வரைபடத்தில் இரண்டு நிலையங்களும் பக்கத்துப் பக்கத்தில். ஆனால் 2014-இல் நியூ சென்ட்ரல் பேரங்காடி திறக்கும்வரை இரண்டையும் நேராக இணைக்கும் கூரையுள்ள வழி இல்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு வெயிலில் வெளியே சுற்றிப் போனவர்களைக் கேளுங்க, 'அருகில்' என்றால் என்னவென்று சொல்வார்கள்.

இரண்டாவது கேள்வி: யாருடைய கால்? ஐந்து நிமிடத்தில் 400 மீட்டர் என்றால் நொடிக்கு 1.33 மீட்டர் வேகம். அது நலமான, சுமையில்லாத பெரியவரின் நடை. நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பாட்டி அதே ஐந்து நிமிடத்தில் 240 மீட்டர்தான் போவார். அவர் எட்டும் பரப்பு முதலாமவர் எட்டுவதில் 36 விழுக்காடு மட்டுமே. முதுகில் புத்தகப்பை சுமக்கும் முதலாமாண்டு மாணவனுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆறு தட சாலையைக் கடக்கக் காத்து நிற்கும் நேரத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

மூன்றாவது, தரையில் இருப்பது. நம் ஊரில் நடையைத் தடுப்பது பெரும்பாலும் தூரமல்ல. வெயில், திடீர் மழை, மூடியில்லாத லோங்காங், நடைபாதையில் ஏறி நிற்கும் மோட்டார். பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. அங்கே காலால் உணர்ந்து நடக்க மஞ்சள் தடக்கற்கள் பதித்திருக்கிறார்கள். அந்தத் தடத்தின்மேல் ஒரு மோட்டார் நின்றால் போதும், பார்வையற்றவருக்கு அந்தத் தெரு மூடிய தெரு. மதிப்பெண்ணில் ஒரு புள்ளிகூடக் குறையாது.

இதைச் சிங்கப்பூர் வேறு விதமாக அணுகியது. 1822-ஆம் ஆண்டின் ராஃபிள்ஸ் நகரத் திட்டமே கடைவீடுகளின் முன் கூரையிட்ட நடைவழியைக் கேட்டது. நம் பெரியவர்கள் அஞ்சடி என்பது அதைத்தான். அண்மைக் காலத்தில் எம்ஆர்டி நிலையங்களைச் சுற்றி 400 மீட்டருக்குள் கூரை நடைபாதைகள் அமைத்தார்கள். அதே 400 மீட்டர்தான். ஆனால் அங்கே அது எண்ணுவதற்கான வட்டமாக இல்லாமல், கட்டித் தர வேண்டிய கடமையாக ஆனது.

கருவிகள் வளர்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். எம்ஐடி ஆய்வுக்கூடத்தின் 'ட்ரீபீடியா', கூகளின் தெருக்காட்சிப் படங்களில் தெரியும் மரப்பச்சையை அளந்தது, சிங்கப்பூருக்கு 29.3 விழுக்காடு கிடைத்தது. நல்ல முயற்சி. ஆனால் அந்தப் படங்களில் பெரும்பாலானவை கார் மேல் இருந்த கேமரா எடுத்தவை. சாலை நடுவிலிருந்து தெரியும் பச்சையும் நடைபாதையில் விழும் நிழலும் ஒன்றல்ல.

அப்படியானால் செயல்திட்டம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும், ஆனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் வட்டம் வரையட்டும். அடுத்து, பள்ளி வாசலிலிருந்து உண்மையான வழித் தூரத்தை அளந்து இரண்டையும் ஒப்பிடட்டும். பிறகு ஆசிரியரோ பெற்றோரோ உடன்வர, ஒரே ஒரு தெருவில் நடந்து குறிப்பெடுக்கட்டும்: நிழல் உண்டா, கடப்பு எங்கே, காத்திருந்தது எத்தனை நொடி, எங்கே சாலையில் இறங்க நேர்ந்தது. நடக்கும்போது கைப்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும். நின்றபின் எழுதினால் போதும்.

திரட்டியதைச் சேர்க்கவும் இடம் இருக்கிறது. 2004-இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம். நடைபாதை எந்தப் பக்கம், தெருவிளக்கு உண்டா, தடக்கல் உண்டா என்றெல்லாம் அதில் பதியலாம். 'ஸ்ட்ரீட்கம்ப்ளீட்' செயலி இவற்றை எளிய கேள்விகளாகவே கேட்கும். பதிவுகளை ஆசிரியர் சரிபார்த்து ஏற்றுவது நல்லது.

கடைசியாக அறிக்கை. "எங்கள் வட்டாரத்துக்கு 82 மதிப்பெண்" என்று எழுதிய மாணவரிடம், "அந்த 82-க்குள் உன் பாட்டி இருக்கிறாரா?" என்று கேளுங்கள். அவர் எழுதும் அடுத்த பத்தி வேறு மாதிரி இருக்கும். ஊராட்சி மன்றத்துக்கு அதையே அலுவல் கடிதமாக எழுத வைத்தால், அந்தப் பயிற்சிக்கு ஓர் உண்மையான முகவரியும் கிடைத்துவிடும்.