தலைக்குள் கேட்கும் குரல்: சுஜாதாவின் ‘ஆ..!’ நாவலை முன்வைத்து

மர்மக் கதை என்றால் தமிழ் படித்தவர்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு. சிறப்புத் தமிழ் படித்த நாளில் எங்களுக்கும் அது ஊட்டப்பட்டதுதான். ஆனால் ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று நாம் பெருமைப்படுகிற சித்தி லெவ்வையின் ‘அஸன்பேயுடைய கதை’ (1885) எகிப்தில் கடத்தப்படும் ஒரு குழந்தையின் கதைதானே? மர்மம் நமக்குப் புதுச் சாமான் இல்லை.

சுஜாதாவின் மர்ம நாவல்களைச் சேர்த்து வாசித்தால் ஒரு நகர்வு தெரியும். 1968 இல் குமுதத்தில் வந்த ‘நைலான் கயிறு’ கொன்றவன் யார் என்று தேடுகிறது. ‘கொலையுதிர் காலம்’ நாவலில் கேள்வியே மாறிவிடுகிறது: கண்டது உண்மையா, கண்மயக்கா? கணேஷ் விஞ்ஞானத்தின் பக்கம் நிற்க, வசந்த் பேயின் பக்கம் சாய்கிறான். ‘ஆ..!’ இன்னும் உள்ளே போகிறது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவனுக்குத் தலைக்குள் குரல் கேட்கிறது. மர்மம் நடக்கும் இடம் இப்போது ஒரு மனிதனின் மண்டை.

அத்தியாயம் ஒவ்வொன்றும் ‘ஆ’ என்று முடிகிறது. கெட்டித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏழெட்டு அத்தியாயம் போனதும், அடுத்த ‘ஆ’ எப்படி வரப்போகுது என்பதில்தான் நம் மனம் நிற்கிறது. அவன் படும் பாடு பின்னுக்குப் போய்விடுகிறது. கணேஷும் வசந்தும் வந்து சேர்ந்ததும் நோயாளி ஒரு வழக்காகிவிடுகிறான். 1843 இல் எட்கார் அலன் போ எழுதிய ‘காட்டிக்கொடுத்த இதயம்’ கதையில் கொன்றவனே பேசுகிறான், தனக்குப் பைத்தியமில்லை என்று சாதிக்கிறான். அவனுக்கு வெளியே கால் வைக்க வாசகனுக்கு இடமே இல்லை. அந்த மூச்சுமுட்டல் சுஜாதாவிடம் கிடைக்காது.

எங்கட பக்கத்துப் பிள்ளைகள் இந்நாவலை வாசித்துவிட்டுக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “சேர், அவனுக்கு ஜின் புடிச்சிருக்குத்தானே?” ஜின்னை நம்புவது நமது ஈமானோடு சேர்ந்தது. அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் கேட்கிற குரலெல்லாம் ஜின்னா? 2004 டிசம்பர் 26 இல் இந்நாட்டில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரைகளில் அதற்குப் பிறகு இரவில் கடல் வரும் சத்தம் கேட்டு எழும்பியவர்கள் எத்தனை பேர்! ஓதின தண்ணி குடித்தார்கள், நூல் கட்டினார்கள். டொக்டரிடம் போனவர் குறைவு, போனதை வெளியே சொன்னவர் அதிலும் குறைவு.

அந்த வகையில் ‘ஆ..!’ செய்த நன்மை பெரிது. குரல் கேட்பது ஒரு நோயாகவும் இருக்கலாம், அதற்கு வைத்தியம் உண்டு என்பதை, பாடப்புத்தகம் தொடாத பிள்ளையும் வாசிக்கும் தமிழில் சொல்லிவிட்டது. ஆனால் அதே நாவல் முற்பிறவி என்ற கதவையும் திறந்து வைக்கிறது. நமது அகீதாவில் அந்தக் கதவு இல்லை என்பது ஒருபுறம். கதையாகப் பார்த்தாலும் அது ஏய்ப்பு. குரலுக்கு வேறெங்கோ ஒரு சொந்தக்காரர் இருக்கலாம் என்றால், மருந்து எதற்கு என்றுதான் வாசகன் நினைப்பான்.

கல்முனையில் ஒருவர் இவ்வகையில் எழுத வந்தால் அவருக்குக் கணேஷ் தேவைப்படமாட்டார். ஓதிப் பார்க்கும் லெவ்வை, ஆஸ்பத்திரி டொக்டர், மகனுக்குப் பக்கத்தில் முழித்திருக்கும் உம்மா, இந்த மூவரும் போதும். மூவரும் நல்லவர்களாக இருக்க வேண்டும், ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். அப்படி ஒன்று வரும்வரை ‘ஆ..!’ வைத்தான் பிள்ளைகளுக்கு இரவல் கொடுப்பேன். முற்பிறவிப் பக்கங்களை வகுப்பில் வைத்துப் பேசிக்கொள்ளலாம்.