க்னஸ்: மடலுக்கு மதிப்பெண்

இணையத்தின் பழைய விவாத மேடையான யூஸ்நெட்டின் செய்திக்குழு மடல்களைப் படிக்கவும் பதில் எழுதவும் உதவும் மென்பொருள் நியூஸ்ரீடர். 1990களில் வெளிநாட்டுத் தமிழர்கள் விவாதித்த சோக்.கல்ச்சர்.தமிழ் குழுவைப் படிக்கவும் இதுவே கருவி. இவ்வகையில் ஈமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பிக்குள் இயங்கும் க்னஸ் தனி ரகம்.

அது மடலுக்கு மதிப்பெண் போடும். விரும்பும் எழுத்தாளரையோ தலைப்பையோ உயர்த்தலாம். வம்பு வளர்ப்பவரைக் கண்ணில் படாமலே ஒதுக்கலாம். தகவமைப்பு முறையை இயக்கிவிட்டால், எதைப் படிக்கிறோம், எதைத் தள்ளுகிறோம் என்று பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும். நாம் எழுதிய மடலுக்கு வரும் பதில்கள் மேலே வரும்படியும் அமைக்கலாம். விவாதத்தின் நூல் அறுந்துபோகாது.

அனுப்பும் பக்கம் இன்னும் நேர்த்தி. குழுவுக்கு ஏற்ப முகவரியும் கையொப்பமும் மாறும். ஒவ்வொரு மடலின் நகலும் மாதவாரியாகச் சேரும். சூடாக எழுதிய பதிலை ஆறப்போட்டுப் பிறகு அனுப்பவும் வழி உண்டு. எல்லாவற்றிலும் உருப்படியான வசதி இதுதான்.

மின்னஞ்சலையும் க்னஸ் செய்திக்குழுவைப் போலவே நடத்தும். ஒரு பையருக்கு ஷேடு அப்ரூவல், இன்னொருவருக்கு ஷிப்மென்ட் தேதி என்று நாளெல்லாம் மடல் எழுதும் திருப்பூர் நெருப்பெரிச்சலின் ஆடை ஏற்றுமதி மெர்ச்சண்டைசருக்கும் இது பொருந்தும். அமைப்புகளை லிஸ்ப் மொழியில் எழுதப் பழக வேண்டும். காசு செலவில்லை, ஈமேக்ஸுடன் இலவசமாகவே வருகிறது.