'ஒருங்கிணைப்பு': எண்ணும்மையின் அரசியல்

ஆரோக்கியம், சுற்றுச்சூழல், பொருளாதாரம் மூன்றையும் ஒருங்கிணைக்க வேண்டும் என்று சொல்லாத வளர்ச்சி அறிக்கை கிடையாது. நம் தோழர்களும் அதையே சொல்கிறார்கள். இந்த வேலையைக் கச்சிதமாகச் செய்து முடித்த பிரதி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: 1991 டிசம்பரில் உலக வங்கித் தலைமைப் பொருளியலாளர் லாரன்ஸ் சம்மர்ஸ் கையெழுத்திட்ட உள்சுற்றுக் குறிப்பு.

மாசினால் உடம்பு கெட்டால் நஷ்டம் எவ்வளவு? இழந்த கூலி எவ்வளவோ அவ்வளவு. ஆகவே கூலி குறைந்த நாட்டில் நஞ்சைக் கொட்டுவதே சிக்கனம். பின்னால் அது கிண்டல் என்றார்கள். இருக்கட்டுமே. உடம்பைக் கூலியால் அளக்கச் சம்மதித்தவர் இந்தக் கணக்கில் எங்கே பிழை காட்டுவார்?

1992 ரியோ பிரகடனத்தின் முதல் கோட்பாடு ஆரோக்கியமும் உற்பத்தித்திறனும் உள்ள வாழ்வை மனிதரின் உரிமை என்கிறது. இலக்கணப்படி எண்ணும்மை இரண்டையும் சமமாக நிறுத்தும். நடைமுறையில் பின்னது முன்னதை விழுங்கிவிடுகிறது என்பதே என் வாசிப்பு. சம்பாதிக்க மாட்டாத கிழவியின் நுரையீரல் எந்தப் பத்தியில் வரும்?

இது வெறும் தாள் தர்க்கமில்லை. நியூயார்க் மாநிலத்திலிருந்து 1980களில் கொடைக்கானலுக்குப் பெயர்ந்து வந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவு விவகாரத்தில் 2001இல் மூடப்பட்டது. காய்ச்சலை அளக்கும் கருவி செய்த 591 பேரோடு இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல்தான். பதினைந்து வருஷம்!

ஒருங்கிணைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த அலகில் ஒருங்கிணைக்கிறோம், அதை யார் தீர்மானிப்பது என்று முதலில் கேட்போம். அதைக் கேட்காமல் நாம் எழுதுவதெல்லாம் சம்மர்ஸின் குறிப்புக்கு உரையாகத்தான் முடியும்.