மிச்சமாகும் நேரம் யாருக்கு?

டத்தோ ஸ்ரீ டாக்டர் எஸ். சுப்பிரமணியம் சிகாமட்டின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். 2013 முதல் 2018 வரை மலேசியாவின் சுகாதார அமைச்சராக இருந்தவர். மலேசிய அரசு மருத்துவமனைகளில் 'லீன்' முறை காலூன்றியது அவருடைய காலத்தில்தான். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் முன்னோட்டம் பார்த்துவிட்டு, மற்ற மருத்துவமனைகளுக்கும் அதைக் கொண்டுபோனார்கள். டொயோட்டா தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ உருவாக்கிய முறை அது: வேலையின் ஒவ்வொரு படியையும் எழுதி வை, பயனில்லாத காத்திருப்பையும் நடையையும் விரயம் என்று நீக்கு. கார் செய்ய வந்த முறை சிகாமட் போன்ற ஊரின் நோயாளிக்கு உதவுமா?

உதவும் இடம் ஒன்று உண்டு. எந்தப் பெரிய வார்டிலும் நடப்பதுதான்: காலையில் டாக்டர்கள் சுற்றி வந்து, "இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்கள். பயிற்சி டாக்டர் சிகிச்சைச் சுருக்கம் எழுதி முடிக்க மதியமாகிவிடும். மருந்து வர இன்னும் நேரமாகும். மகன் வேலை முடிந்து வந்து அழைத்துப்போகும்போது மாலை. அதுவரை, அந்தக் கட்டிலுக்குப் போக வேண்டியவர் கீழே அவசரப் பிரிவில் தள்ளுவண்டியிலேயே படுத்திருக்கிறார். இதில் யாரும் சோம்பேறி இல்லை. வேலைகள் அடுக்கப்பட்ட வரிசைதான் கோளாறு. நாளை யாரை அனுப்பலாம் என்று இன்று மாலையே முடிவு செய்து, மருந்துச் சீட்டை எழுதி, வீட்டுக்கும் சொல்லிவிட்டால் கட்டில் பல மணி நேரம் முன்னதாகக் காலியாகும். இதற்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், புதுக் கருவியும் வேண்டாம். லீன் முறையின் மெய்யான பலம் இங்கேதான்.

லீன் என்ற பெயர் பிறக்கும் முன்பே இதைச் செய்து காட்டியது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கியபோது அங்கே 11 படுக்கைகள்தான். ஒரு மேசையில் அறுவை சிகிச்சை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராகிவிடுவார். பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் மற்ற வேலைகளைப் பார்த்துக்கொள்ள, டாக்டரின் கை அறுவையில் மட்டும் இருக்கும். ஆனால் கண்புரை ஒரே நோய். நாள் குறித்துச் செய்யும் சிகிச்சை. அவசரப் பிரிவின் சிவப்பு மண்டலத்துக்கு யாரும் நாள் குறித்து வருவதில்லை. அரவிந்தின் வெற்றியை அப்படியே அங்கே பெயர்த்து நட முடியாது.

கனடாவின் சாஸ்காச்சுவான் மாநிலம் பெயர்த்து நட முயன்றது. அயல்நாட்டு ஆலோசகர்களுக்குப் பல மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்து, மாநிலம் முழுவதும் லீனை இறக்கியது. எதிர்ப்பு வலுத்து, ஒப்பந்தம் காலத்துக்கு முன்பே முடிந்தது. 2016இல் அங்கிருந்தே வந்த ஆய்வுத் தொகுப்பொன்று 22 ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தது. நோயாளியின் திருப்தியிலும் உடல்நிலையிலும் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. ஊழியர்களின் மனநிறைவோ குறைந்திருந்தது. மேலிருந்து திணித்தால் என்ன ஆகும் என்பதற்கு இது போதுமான எச்சரிக்கை. ஒப்பந்த நியமனத்தை எதிர்த்து 2021 ஜூலையில் இளம் டாக்டர்கள் வெளிநடப்பு செய்த நாடு நம்முடையது. ஏற்கெனவே களைத்த தாதியின் கையில் இன்னொரு பாரத்தைத் திணித்து, அதற்குச் சீர்திருத்தம் என்று பெயர் வைக்கக் கூடாது.

சிகாமட்டுக்கே உரிய கேள்வி இன்னொன்று: நோயாளி மருத்துவமனைக்கு வரும் முன் கழிந்த காலத்தை லீன் கணக்கில் எடுக்குமா? மோனாஷ் பல்கலைக்கழகத்தின் 'சீகோ' ஆய்வு மையம் 2011 முதல் இம்மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் மக்களின் உடல்நிலையைப் பதிந்து வருகிறது. பெரிய பாரமாக நிற்பவை சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும். 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். அவர்களில் ஐவரில் இருவருக்கு அது இருப்பதே தெரியாது. பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் பத்து வருடம் கவனிக்காமல் விட்ட சர்க்கரை, சிறுநீரகம் பழுதாகி அரசு மருத்துவமனை வாசலுக்கு வரும்போதுதான் லீனின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அந்தப் பத்து வருடம் எந்த விரயப் பட்டியலிலும் ஏறாது. பஸ்ஸுக்குக் காத்த நேரமும், விட்டுக்கொடுத்த ஒரு நாள் சம்பளமும் ஏறாது.

2011 ஜனவரியிலும் 2023 மார்ச்சிலும் வெள்ளத்தில் தவித்த ஊர் சிகாமட். அங்கே மருத்துவமனையில் காலியாகக் கிடக்கும் சில கட்டில்களை விரயம் என்று கழித்துவிட முடியாது. அவை அடுத்த வெள்ளத்துக்கான சேமிப்பு.

ஆகவே என் முடிவு: கட்டில், மருந்து, கோப்பு ஆகியவற்றின் ஓட்டத்தைச் சீராக்க லீன் நல்ல கருவி; அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆளைக் குறைக்கவோ, புது நியமனத்தைத் தள்ளிப்போடவோ அதைச் சாக்காக்கினால் எதிர்க்க வேண்டும். மிச்சமாகும் நேரம் சுகாதாரக் கிளினிக்கில் சர்க்கரை நோயாளியோடு உட்கார்ந்து பேசும் நேரமாக மாறினால்தான் அது தரம். அப்படி மாறாத லீன், வரிசையை வேகமாக நகர்த்தும். வரிசையின் நீளத்தைக் குறைக்காது.